நாலாவது ‘இல்லை’

மக்களுக்கு அரசியல் சட்டம் தெரியவில்லை என்பது அரசாங்கத்துக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அது எழுபத்தாறாம் வருஷம். நெருக்கடி நிலை நாட்டில் நன்றாக வேர்பிடித்து, ரயில்கள் நேரத்துக்கு வருவதாக ரேடியோ தினமும் சொல்லிக்கொண்டிருந்தது. மாநிலத்தில் மந்திரிசபையே இல்லை. அந்த நல்ல நேரம் பார்த்துத்தான் மதுரையில் எங்கள் அலுவலகத்தைத் திறந்தார்கள்.

முழுப் பெயர் ‘அரசியல் சட்ட அடிப்படைக் கோட்பாடுகள் பரப்புரைப் பிரிவு, தென்மண்டலம்’. பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை. தபால்காரர் ‘கோட்பாடு ஆபீஸ்’ என்பார். பழங்காநத்தம் தாண்டி, பசுமலைக்குப் போகிற ரோட்டில், யாரோ ஒரு பருத்தி வியாபாரி கட்டிவிட்டுக் குடியிருக்காமல் போன பங்களா. அதில் நான் தபால் குமாஸ்தா. வருகிற கடிதத்துக்கு ஒரு நம்பர், போகிற கடிதத்துக்கு ஒரு நம்பர். அது போக மீதி நேரத்தில் எல்லோரையும் போல நானும் சந்தேகப்பட வேண்டும்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ‘ஐயப்பாட்டு அறிக்கை’ என்று ஒன்றை மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். இந்தப் பகுதியில் யார் அரசியல் சட்டத்தைப் பற்றி என்ன பேசினார்கள், என்ன பேசாமல் இருந்தார்கள், ஏன் பேசாமல் இருந்தார்கள் என்று அதில் எழுத வேண்டும். முதல் வாரம் ‘ஐயப்பாடு ஏதுமில்லை’ என்று அனுப்பினோம். ‘ஏன் ஏதுமில்லை?’ என்று மெமோ வந்தது. அதற்குப் பிறகு வாரத்துக்கு மூன்றுக்குக் குறையாமல் அனுப்பிவந்தோம். ஆள் கிடைக்காத வாரத்தில் ஒருவர் மேல் ஒருவர் எழுதிக்கொள்வோம். என் மேல் இரண்டு தடவை எழுதியிருக்கிறார்கள். நம்பர் போட்டு அனுப்பியவன் நான்தான்.

எங்கள் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ரோட்டோரம் வரிசையாகப் பெட்டிக்கடைகள். அதில் ஒன்று சேக் இஸ்மாயில் என்கிற போர்டு பெயிண்டருடையது. நாலு தகரம், ஒரு மரப்பலகை, உள்ளே வார்னிஷ் வாசனை. பக்கத்தில் ஜெயக்கொடியின் டீக்கடை. மதுரையில் தெற்கே இருக்கிற பாதி ஓட்டல்களின் பெயர்ப்பலகை இஸ்மாயில் பாயின் கையெழுத்துதான். ‘ழ’ போட்டு முடிக்கும்போது வாலைச் சுழித்து ஒரு இழுப்பு இழுப்பார். அந்த வாலைப் பார்த்தே இது பாய் எழுதியது என்று சொல்லிவிடலாம்.

ஒரு நாள் காலை பார்த்தால், எல்லாக் கடையின் நெற்றியிலும் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. ரோட்டை அகலப்படுத்துகிறார்கள், குறி போட்ட கடை எல்லாம் போய்விடும் என்றார்கள். எப்போது என்று யாரும் சொல்லவில்லை. யார் போட்டது என்றும் தெரியவில்லை. இஸ்மாயில் பாய் முதலில் பார்த்தது குறியின் கோணலைத்தான்.

“போட்டதுதேன் போட்டான், ஒரு அளவா போட்டானா பாரு. பிரஷ்ல தண்ணி ஜாஸ்தி” என்றார் ஜெயக்கொடியிடம்.

“அண்ணே, கடை போகப் போகுதுங்குறேன். நீங்க பிரஷ்ஷப் பத்திப் பேசுறீக.”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இருபத்திரண்டு வருஷமாக அதே இடம். அந்தத் தகரக் கடையை விட்டால் பலகை காயவைக்க வேறு இடம் கிடையாது. மகபூப்பாளையத்தில் வீடு என்று சொல்வது ஒரு அறையும் ஒரு கதவும். அங்கே ஆறடிப் பலகையை நிறுத்தினால் ஆள் வெளியே நிற்க வேண்டும்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் மண்டல நெறியாளர் கைலாசநாதன் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். அலுவலக வாசலில் பெரிய பலகை வைக்க வேண்டும். தலைப்பாக அரசியல் சட்டத்தின் முதல் வார்த்தைகள், அதற்குக் கீழே அன்றைக்கிருந்த அடிப்படை உரிமைகள் ஏழும் என்பது மேலிடத்து உத்தரவு.

“நல்லா எழுதிக் குடு பாய். அந்தச் சிவப்புக் குறி விஷயத்த நாங்க பாத்துக்கிறோம்” என்றார் நெறியாளர்.

“கடைய எடுக்க மாட்டாகளா சார்?”

“நாங்க பாத்துக்கிறோம்னு சொன்னேன்.”

கைலாசநாதன் வாயில் அடிக்கடி வருகிற வார்த்தை அது. ‘நாங்க முடிவு பண்ணுவோம்’, ‘நாங்க சொல்லி அனுப்புறோம்’, ‘நாங்க இருக்கோம்ல’. கேட்கிறவனுக்கு ஒரு தைரியம் வரும். பாய்க்கும் வந்தது. பன்னிரண்டு நாள் மற்ற வேலை எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு அந்தப் பலகையை எழுதினார். நீலத் தரையில் மஞ்சள் எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் எழுந்து வந்து கை கொடுக்கும்போல இருந்தது. எங்கள் தலைமைக் குமாஸ்தா பசுபதி மூன்று முறை எழுத்துகளை எண்ணிப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றினார். படித்தாரா என்று எனக்குத் தெரியாது. எண்ணினார்.

திறப்பு விழாவுக்கு நாங்கள் ஒன்பது பேரும், கட்டாயத்தின் பேரில் பக்கத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் ஆறு பேரும் இருந்தோம். நெறியாளர் பேசினார்.

“அரசியல் சட்டம் அனைவருக்கும் மேலானது. மேலானது என்பதால்தான் இந்தப் பலகையைப் பதினோரு அடி உயரத்தில் வைத்திருக்கிறோம். கைக்கு எட்டுகிற உயரத்தில் வைத்தால் என்ன ஆகும்? தொடுவார்கள். தொட்டுப் பழகினால் எடுத்துப் பயன்படுத்தத் தோன்றும். உரிமைகள் இருப்பது பயன்படுத்துவதற்காக அல்ல, பெருமைப்படுவதற்காக! வீட்டில் வெள்ளிக் குத்துவிளக்கு இருக்கிறது என்பதற்காகத் தினமுமா ஏற்றுகிறோம்?”

வாத்தியார்கள் கை தட்டினார்கள். திரை விலகியது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். எங்கள் சிறப்பு மொழி ஆய்வாளர் சிவசங்கரன் மட்டும் கை தட்டவில்லை. அவர் முன்னாள் தமிழாசிரியர். சட்டைப் பையில் பூதக்கண்ணாடி வைத்திருப்பார். பதினோரு அடிக்குப் பூதக்கண்ணாடியால் என்ன பயன் என்று தெரியவில்லை. ஆனாலும் எடுத்துப் பார்த்தார்.

“‘நாங்கள்’ என்று போட்டிருக்கிறான்” என்றார்.

போட்டிருந்தார். ‘இந்திய மக்களாகிய நாம்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘இந்திய மக்களாகிய நாங்கள்’ என்று இருந்தது. ‘ள்’ஐ நன்றாகச் சுழித்தே போட்டிருந்தார் பாய்.

அன்று மத்தியானமே விசாரணை. இஸ்மாயில் பாயை முக்காலியில் உட்கார வைத்தார்கள். அவர் சட்டை முழுக்க மஞ்சள் புள்ளி. பதிவு செய்ய என்னை உட்கார வைத்தார்கள்.

“‘நாம்’ என்பது உளப்பாட்டுத் தன்மைப் பன்மை. எதிரே நின்று கேட்பவனையும் உள்ளே சேர்த்துக்கொள்ளும். ‘நாங்கள்’ சேர்க்காது. வெளியே நிறுத்திவிடும். நீ யாரை வெளியே நிறுத்தினாய்?” என்று கேட்டார் சிவசங்கரன்.

“நான் யாரையும் நிப்பாட்டல சார்.”

“இதற்குமுன் ‘நாங்கள்’ என்று எங்கெல்லாம் எழுதியிருக்கிறாய்?”

“மனுவுலதான் சார். இந்த ரோட்டுல யாருக்கு மனு எழுதணும்னாலும் ஏங்கிட்டதான் வருவாக. ‘ஐயா, நாங்கள் மேற்படி தெருவில் வசித்து வருகிறோம், எங்களுக்குக் குடிதண்ணி இல்லை’ன்னு எழுதுவேன்.”

“ஆக, பழக்கம் உண்டு” என்று என் பக்கம் திரும்பி, எழுதிக்கொள் என்பது போலத் தலையசைத்தார்.

“உங்களுக்குக் குடுத்த காகிதத்துல ‘நாம்’னுதானய்யா இருந்துச்சு?” என்று பசுபதி கேட்டார்.

“இருந்துச்சு சார். நானும் மொதல்ல ‘நாம்’னுதான் பென்சில்ல போட்டேன். அப்பறம் யோசிச்சேன். இது ஆபீஸ் சுவரு. படிக்கப் போறது அதிகாரிக. அதிகாரியையும் எங்களையும் ஒண்ணாச் சேத்து ‘நாம்’னு எழுதுனா மரியாதையா இருக்குமா? ‘ஐயா, நாமெல்லாம் ஒண்ணு’ன்னு எவனாச்சும் கலெக்டருக்கு மனு எழுதுவானா? அதான் திருத்திட்டேன்.”

அவர் சொன்னது எங்கள் எல்லோருக்கும் உள்ளூரப் பிடித்திருந்தது என்பதுதான் உண்மை. பசுபதி தலையைக்கூட ஆட்டிவிட்டார். சிவசங்கரன்தான் விடவில்லை.

“மரியாதை இருக்கட்டும். இந்த வாசகத்தில் பேசுவது யார்? பலகை யாருடைய வாய்? மக்கள் பேசுகிறார்கள் என்று வைத்தால், கேட்பது அரசாங்கம். அப்போது அரசாங்கம் இந்திய மக்களில் சேராது. இது தேசவிரோதம். அலுவலகம் பேசுகிறது என்று வைத்தால், கேட்பது பொதுமக்கள். அப்போது நாங்கள் மட்டும்தான் இந்திய மக்கள், மனு கொண்டுவருகிறவன் இந்திய மக்களில் சேரமாட்டான்.”

கைலாசநாதன் நெடுநேரம் மோவாயைத் தடவினார். “ரெண்டாவது அர்த்தத்துல நமக்கு... எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. மொத அர்த்தந்தான் ஆபத்து” என்றார். அதையும் எழுதவா என்று கேட்டேன். அதை மட்டும் எழுத வேண்டாம் என்றார்.

‘நாங்கள்’ மேல் ஒரு கோணிச்சாக்கைக் கட்டி மறைத்தோம். ‘இந்திய மக்களாகிய’ என்பதற்குப் பிறகு சாக்கு தொங்கியது. அந்த வார ஐயப்பாட்டு அறிக்கையில் மூன்று இடமும் பாய்க்கே போயின. அவருக்குப் பின்னால் யார் என்று கண்டுபிடிக்க எங்களில் ஒருவர் மூன்று நாள் ஜெயக்கொடி கடையில் டீ குடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பாய்க்குப் பின்னால் டர்பென்டைன் டின் மட்டுமே இருந்ததாக அவருடைய அறிக்கை சொன்னது.

இத்தனைக்கும் நடுவில் பாய் தினமும் பத்து மணிக்கு வந்து வாசலில் நிற்பார். “சார், திருத்திர்றேன் சார். அந்தக் குறிய மட்டும் அழிச்சிருங்க சார்” என்பார். அவர் மனைவி ஜெயினம்பு மத்தியானம் தூக்குவாளியில் சோறு கொண்டுவருவார். ஒரு நாள் என்னிடம் நேராகவே கேட்டார்.

“ஏங்க தம்பி, அந்த ஒத்த வார்த்தைய அழிக்க ஆறு ஆபீஸர் வேணும். எங்க கடைய அழிக்க ஒரு பிரஷ்ஷு போதுமா?”

இதை நான் எந்தப் பதிவேட்டிலும் ஏற்றவில்லை. இன்றைக்கும் நினைவிருக்கிறது.

மூன்றாவது வாரம் திருத்த அனுமதி வந்தது. பாய் ஏணியில் ஏறி ‘ங்கள்’ஐ நீலத்தால் அழித்து ‘ம்’ போட்டார். ‘நாம்’ ஆயிற்று. ஆனால் ‘நாங்கள்’ நீளம், ‘நாம்’ குட்டை. வார்த்தைக்குப் பக்கத்தில் ஒன்றரை அடிக்கு இடம் சும்மா கிடந்தது.

“இந்த இடம் ஏன் காலியாக இருக்கிறது?” என்று சிவசங்கரன் பிடித்துக்கொண்டார். “பார்க்கிறவன் இங்கே என்ன இருந்தது என்று யோசிப்பான். யோசிக்க வைப்பது இந்தப் பிரிவின் நோக்கமல்ல.”

அந்த இடத்தில் தாமரைப்பூ வரையலாமா என்று பேசினோம். பூ எந்தக் கட்சியையாவது குறிக்குமா என்று பயம் வந்தது. மயில்? மயில் முருகனுடையது, பக்கத்திலேயே திருப்பரங்குன்றம். கைகூப்பல்? யார் யாரைக் கும்பிடுவது என்று மறுபடியும் ‘நாம்’, ‘நாங்கள்’ பிரச்சினை வரும். முடிவெடுக்கும்வரை காலியாகவே விட்டோம்.

அதற்குள் கீழக்குயில்குடியிலிருந்து பேயாண்டி என்றொரு விவசாயி வந்து சேர்ந்தார். வேறேதோ ஆபீசைத் தேடி வந்தவர், எங்கள் பலகையை எழுத்துக்கூட்டி முழுசாகப் படித்துவிட்டார். எங்கள் அலுவலகம் திறந்த ஐந்து மாதத்தில் பலகையைப் படித்த முதல் ஆள். நேராக என் மேசைக்கு வந்து ரேஷன் கார்டை வைத்தார்.

“இங்கன சமத்துவம் குடுக்காகளாம்ல?”

“யாரு சொன்னது?”

“பலகையில போட்டுருக்கு. ஒரு கார்டுக்கு எம்புட்டுக் குடுப்பீக?”

சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். மறுநாள் ஊரிலிருந்து நாலு பேரைக் கூட்டிவந்தார். “இவுகளுக்குச் சுதந்திரம் போதும், எனக்கு ரெண்டும் வேணும்” என்றார். ஐந்து பேர் கூடிவிட்டார்கள் என்று கைலாசநாதன் உள்ளே கதவைத் தாழ்போட்டுக்கொண்டார். போலீசுக்குச் சொல்லலாமா என்று பசுபதி ஜன்னல் வழியாகக் கேட்டார். எதற்காக வந்தார்கள் என்று போலீஸ் கேட்டால் என்ன சொல்வது என்பது நெறியாளரின் கவலை.

பிரச்சினை வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. அந்த ஏழு உரிமைகளில் சிலதை அப்போது நிறுத்தி வைத்திருந்தார்கள். பலகையில் இருக்கிறது, நாட்டில் இல்லை. பலகையை அழித்தால் அரசியல் சட்டத்தை அழித்த குற்றம். விட்டுவைத்தால் பேயாண்டி வந்துவிடுகிறார்.

குறியைப் பற்றிக் கேட்கலாம் என்று வந்து நின்றிருந்த இஸ்மாயில் பாய், காதில் விழுந்த மட்டிலும் புரிந்துகொண்டு வாயைத் திறந்தார்.

“சார், இதுக்கு எதுக்குப் பலகைய அழிக்கணும்? ஓட்டல் போர்டுல நாங்க ஒவ்வொரு ஐட்டத்துக்கும் பக்கத்துல ஒரு கொக்கி வச்சிருவோம். பொங்கல் தீந்துருச்சா, ‘இல்லை’ன்னு சின்னத் தகடு ஒண்ண மாட்டிருவாக. மறுநா காலையில கழட்டிருவாக. போர்டு அப்டியே இருக்கும்.”

கைலாசநாதன் எழுந்து நின்றுவிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

“சட்டத்துல ஒரு எழுத்தைக்கூடத் தொடல! தகடு மாட்டுறோம். அம்புட்டுத்தான்!”

மேலிடத்துக்கு எழுதினோம். பதினைந்து நாளில் பாராட்டுக் கடிதமே வந்தது. எவை எவை நிறுத்தம் என்ற பட்டியலையும் உடன் அனுப்பியிருந்தார்கள். சுதந்திரத்துக்கு ஒரு தகடு. நீதிமன்றம் போகும் உரிமைக்கு ஒரு தகடு. சமத்துவத்தில்தான் குழப்பம் வந்தது. அதில் கொஞ்சம் நிறுத்தம், கொஞ்சம் நடப்பில் இருக்கிறது. ‘பாதி இல்லை’ என்று தகடு போடலாமா என்று பாய் கேட்டார். ஓட்டலில் பாதி இல்லை என்று போடுவது உண்டா என்று நெறியாளர் கேட்டார். இல்லையாம். கடைசியில், முழுசாக இல்லாததற்குத் தகட்டை நேராகவும், பாதி இல்லாததற்குச் சாய்வாகவும் மாட்டுவது என்று முடிவாயிற்று. எத்தனை டிகிரி சாய்வு என்று கேட்டு சிவசங்கரன் தனியாக ஒரு குறிப்பு எழுதினார்.

பட்டியல் எப்போது வேண்டுமானாலும் மாறலாம் என்பதால் ஏழு உரிமைக்கும் கொக்கி வைக்கச் சொன்னார்கள். ஒரே சீராக இருக்க வேண்டும் என்று பசுபதி சொன்னதால், தலைப்பு வரிக்கும் ஒரு கொக்கி வைத்தார் பாய். ‘நாம்’ என்பதற்குப் பக்கத்தில் சும்மா கிடந்த ஒன்றரை அடியில் அது பாந்தமாக உட்கார்ந்தது. காலியிடப் பிரச்சினையும் தீர்ந்தது.

பசுபதி பதிவேட்டில் ‘இல்லை தகடு – 3’ என்று ஏற்றினார். கையில் தகரம் மிச்சம் இருந்ததால் பாய் நாலாக வெட்டி நாலிலும் எழுதியிருந்தார். நாலாவது தகடு அவருடைய துணிப்பையில் இருந்தது.

தகடு மாட்டிய அன்று அவர் பலகையை மேலிருந்து கீழாக ஒரு தடவை படித்தார். பிறகு நெறியாளர் அறைக்குப் போனார்.

“சார், ‘சொத்துரிமை’க்கு ‘இல்லை’ மாட்டலையே?”

“அது பட்டியல்ல இல்லையே.”

“அப்ப அது இருக்குல்ல சார்?”

“இருக்கு.”

“அப்ப எங்கடை?”

கைலாசநாதன் சிரித்தார். “பாய், சொத்து இருந்தாத்தான் சொத்துரிமை. ஒன் கடை ஆக்கிரமிப்பு. ஆக்கிரமிப்புரிமைன்னு அரசியல் சட்டத்துல ஒண்ணு கிடையாது.”

“நீங்க பாத்துக்கிறோம்னு சொன்னீக சார்.”

நெறியாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரல் இறங்கிவிட்டது. சொந்த மனிதரிடம் பேசுகிற மாதிரி ஆகிவிட்டது.

“புதன்கிழமை இடிக்கிறாக. மேலிடத்து உத்தரவு. நாம என்ன செய்ய முடியும், சொல்லு? நம்ம கையில என்ன இருக்கு?”

வாசல் பக்கம் தபாலோடு நின்றிருந்தேன். அவர் வாயில் ‘நாம’ என்ற வார்த்தையை முழுசாக நான் கேட்டது அன்றைக்குத்தான். இஸ்மாயில் பாயும் அதைக் கவனித்தார். வணக்கம் வைத்துவிட்டு வெளியே போனார்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு லாரி வந்தது. பெட்டிக்கடைகளை இழுத்துப் போட முக்கால் மணி நேரம் ஆனது. ஜெயக்கொடி தன் பாய்லரைத் தலையில் வைத்துக்கொண்டு போனார். இஸ்மாயில் பாயின் தகரங்களை லாரி மேலே தூக்கி எறிந்தபோது, காயவைத்திருந்த ஏதோ ஒரு ஓட்டல் பலகை கீழே விழுந்து இரண்டாக உடைந்தது. ஜெயினம்பு தூக்குவாளியோடு ரோட்டின் மறுபக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அழவில்லை. நாங்கள் ஒன்பது பேரும் ஜன்னலில் நின்றோம். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் ஜன்னலை விட்டு நகரவில்லை. மற்றவர்களுக்கு எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை, கேட்டால் வெள்ளிக்கிழமை அறிக்கையில் வரும்.

லாரி போனபிறகு பாய் எங்கள் காம்பவுண்டுக்குள் வந்து ஏணியைச் சாய்த்தார். பட்டப்பகல். யாரும் தடுக்கவில்லை. பலகைக்குப் பெயிண்டர் ஏறுவது வழக்கம்தானே. துணிப்பையிலிருந்து நாலாவது தகட்டை எடுத்து, தலைப்பு வரியின் கொக்கியில் மாட்டினார். நேராக மாட்டினார், சாய்க்கவில்லை. இறங்கி ஏணியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

‘இந்திய மக்களாகிய நாம் – இல்லை’ என்று இருந்தது.

பசுபதி வெற்றிலை துப்ப வெளியே வந்தவர் அண்ணாந்து பார்த்தார். “தலைப்புக் கொக்கி இத்தன நாளா காலியாத்தான் கெடந்துச்சு. இப்பத்தான் பாக்கப் பாந்தமா இருக்கு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ஒற்றை வார்த்தைக்கு மூன்று வாரம் விசாரித்த சிவசங்கரன் அதன் கீழேயே தினமும் போய்வந்தார். அவருக்கு எழுத்துப்பிழை ஒன்றும் தெரியவில்லை போலும். பிழை இருக்கவும் இல்லை. அந்த வார அறிக்கையில் மூன்று ஐயப்பாட்டுக்கு நம்பர் போட்டு அனுப்பினேன். நாலாவதாக ஒன்று எனக்குத் தெரியும். அதற்கு நம்பர் போடவில்லை.

மழைக்காலம் போனது, தை போனது. டெல்லியில் அரசியல் சட்டத்தின் முகப்பில் ‘சமதர்ம’, ‘மதச்சார்பற்ற’ என்று புதிதாக இரண்டு சொற்கள் சேர்த்தார்கள். எங்கள் தலைப்பு அந்த இடம் வருவதற்குள்ளேயே முடிந்துவிடுவதால் தப்பித்தோம். மாசி முடிந்து தேர்தல் வந்தது. பங்குனியில் ஆட்சி மாறி, நெருக்கடி நிலையும் போயிற்று. ‘அனைத்து இல்லை தகடுகளையும் உடனடியாகக் கழற்றிக் கணக்குடன் அனுப்புக’ என்று தந்தி வந்தது.

தகடு கழற்ற ஒரு கூட்டம் போட்டோம். அதே பள்ளிக்கூடத்து ஆறு வாத்தியார்கள். கைலாசநாதன் பேசினார்.

“அந்த இருண்ட நாட்களில் இந்தப் பலகையைக் காப்பாற்றியது யார்? பதினோரு அடி உயரத்தில், யாருடைய கையும் படாமல் வைத்தது யார்? ஒரு எழுத்தாவது அழிந்திருக்கிறதா, பாருங்கள்!”

எல்லோரும் பார்த்தார்கள். அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

மூன்று தகடுகளைப் பியூன் கழற்றினான். நாலாவதில் கை வைத்ததும் பசுபதி தடுத்தார். பதிவேட்டில் மூன்றுதான். நாலாவதைக் கழற்றினால் எந்தக் கணக்கில் அனுப்புவது? அனுப்பினால், எந்த உத்தரவின் பேரில் மாட்டினீர்கள், ஆறு மாதம் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். இல்லாத ஒன்றைக் கழற்றும் அதிகாரம் யாருக்கும் இல்லை. கடைசியில், மாட்டியவனே கழற்றட்டும் என்று முடிவு செய்து, மகபூப்பாளையத்துக்கு ஆள் அனுப்பினார்கள்.

இஸ்மாயில் பாய் சைக்கிளில் வந்தார். ஹேண்டில்பாரில் இரண்டு பக்கமும் பெயிண்ட் டின் தொங்கியது. இப்போதெல்லாம் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுகிறாராம். பலகை வேலை கிடையாது. காயவைக்க இடம் இல்லையே. தாடி நரைத்திருந்தது.

“வாங்க பாய், வாங்க” என்று நெறியாளர் அவர் தோளில் கை போட்டார். ஒருமையில் கூப்பிட்டதெல்லாம் போன ஆட்சியோடு போய்விட்டது. “நாமெல்லாம் இப்ப சுதந்திரமா இருக்கோம். அந்தத் தகட்ட நீங்களே கழட்டிருங்க.”

பாய் ஏணியில் ஏறினார். தகட்டில் கை வைத்தவர், ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் கடை இருந்த இடம் தெரியும். ரோட்டை யாரும் அகலப்படுத்தவில்லை. கடைகள் இருந்த இடத்தில் எருக்கு முளைத்து ஆள் முழங்கால் உயரத்துக்கு நின்றது.

“இதக் கழட்டுனா ‘இந்திய மக்களாகிய நாம்’ இருக்கோம்னு ஆயிரும்ல?” என்றார் மேலிருந்து.

“ஆமா, ஆமா” என்றார் சிவசங்கரன்.

“ஏன் கேக்குறேன்னா, மொதத் தடவ நான் தப்பா எழுதி இம்புட்டுப் பிரச்சினையாயிருச்சு. இந்தத் தடவ சரியாக் கேட்டுக்கிருவோம்னுதான்.” எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். “இருக்கோமா சார்?”

அவர் வெகுநேரம் காத்திருந்தார். தகட்டை அப்படியே விட்டுவிட்டு இறங்கி வந்தார்.